காஸ்வே நெரிசலில் பழக்கிய புது எஞ்சின்

புது கார் எடுத்த கையோடு சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் போகத் திட்டமிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போகாதீர்கள்.

கடந்த ஜூன் பள்ளி விடுமுறை, சனிக்கிழமை. கார் வாங்கி மூன்று வாரம், மீட்டரில் 212 கி.மீ. எனக்கு வயது ஐம்பத்தாறு. இங்கே கார் வைத்திருக்க அரசு தரும் பத்து வருட உரிமம் தீர்ந்தபின் இன்னொரு கார் வாங்க என்னால் ஆகாது. அதனால் எஞ்சினை ஒழுங்காகப் பழக்குவதில் குறியாக இருந்தேன். முதல் ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு படியும். படியாவிட்டால் ஆயுள் முழுக்க ஆயில் குடிக்கும்.

காலை 7.10க்குச் சிராங்கூன் சாலைக் கோயிலில் கும்பிட்டுவிட்டு நானும் மனைவி மல்லிகாவும் கிளம்பினோம். புக்கிட் பாஞ்சாங், உட்லண்ட்ஸ், பூன் லே, மறுபடி வீடு. மொத்தம் 82 கி.மீ. சுற்று. புக்கிட் பாஞ்சாங் வரை 60, 85, மறுபடி 60 என்று வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது.

தன் தம்பிக்குப் பிரசாதம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றாள் மல்லிகா. 7.55க்கு உட்லண்ட்ஸில் அவன் அடுக்குமாடி பிளாக்கின் கீழே செல்வம் பாஸ்போர்ட்டோடு நின்றான்.

"அத்தான், காருக்கு மலேசியா பெர்மிட் வந்துடுச்சுல்ல? ஜொகூர்ல பெட்ரோல் அடிச்சிட்டு, சாப்ட்டு வந்துடலாம் லா."

"புது எஞ்சின் செல்வம். ஜாம்ல நிக்கக்கூடாது."

"புது காருக்கு என்ன ஆகப்போகுது? நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க."

எங்கள் பாஸ்போர்ட்டுகள் மல்லிகாவின் கைப்பையில் தயாராக இருந்தன. அக்காவும் தம்பியும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். மச்சானிடம் முகம் கோணக்கூடாது என்று வண்டியைக் காஸ்வே பக்கம் திருப்பினேன். அதற்காக இன்றும் என் மேலேயே எனக்கு எரிச்சல்.

கடலைத் தாண்டி ஜொகூருக்குப் போகும் அந்தக் காஸ்வே சாலை ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். 8.20க்கு வரிசையில் சேர்ந்து 11.45க்கு அந்தப் பக்கம் இறங்கினோம். அவ்வளவு நேரமும் ஏர்கானோடு எஞ்சின் நின்ற இடத்திலேயே ஓடியது. செல்வம் பின்னால் தூங்கினான். முக்கால் டேங்க் இல்லாமல் சிங்கப்பூர் காரை எல்லை தாண்ட விடமாட்டார்கள். ஆக, நாங்கள் போனது கால் டேங்க் மலிவு பெட்ரோலுக்கு. அடுத்த நான்கு சனிக்கிழமையும் இதே கதைதான். முதல் ஆயிரம் கிலோமீட்டர் இப்படியே தீர்ந்தது.

இப்போது மீட்டரில் 9,400. ஆயிரம் கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் ஆயில் குறைகிறது. பூன் லேயில் ஒரு மெக்கானிக் ஆயில் குச்சியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரிங் சரியா படியல போல அண்ணே. ஊத்தி ஊத்தித்தான் ஓட்டணும்."

உங்களுக்குச் சொல்வது இதுதான். ஆயிரம் கி.மீ. முடியும்வரை தீவுக்குள்ளேயே சுற்றுங்கள். ஒரே வேகத்தில் போகாதீர்கள், நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடாதீர்கள், வாரம் ஒருமுறை ஆயில் பாருங்கள். ஜொகூருக்கு பஸ் இருக்கிறது.

போன வாரம் செல்வமும் புது கார் எடுத்தான். நேற்று போன் செய்தான்.

"அத்தான், சனிக்கிழமை உங்க காரைத் தர்றீங்களா? ஜொகூர் போகணும். என்னோடது புது எஞ்சின், ஜாம்ல நிக்கக்கூடாதாம்."

இந்த முறையும் நான் முகம் கோணவில்லை. கீழே போய் ஆயில் பார்த்தேன், அரை லிட்டர் ஊற்றினேன், தம்பிக்குக் கொடுக்கச் சொல்லிச் சாவியை மல்லிகாவிடம் கொடுத்தேன்.