ஏழாவது குவியல்

மிஸ் கரும்பலகையில் ஆங்கிலத்தில் 'மிக்சர்' என்று எழுதி, இதற்கு அர்த்தம் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றபோது நான் இரண்டு கைகளையும் தூக்கினேன். ஆறாம் வகுப்பில் நானாகக் கை தூக்கிய ஒரே தடவை அதுதான். மிக்சருக்கு எனக்கு அர்த்தம் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? நீலசந்திராவில் எங்கள் சந்தில் எந்த வீட்டு விசேஷத்துக்கும் எங்கள் அம்மாதான் மிக்சர் போட்டுக் கொடுப்பாள்.

"எங்க அம்மா பண்றதுதான் மிஸ்" என்றேன். வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டுத்தான் விளக்கினார். பல பொருள்கள் ஒன்றாகக் கலந்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் தன் குணத்தை விடாமல் இருக்க வேண்டும். நினைத்தால் மறுபடியும் தனித்தனியாகப் பிரித்துவிட முடிய வேண்டும். மணலும் இரும்புத்தூளும் கலந்தால் மிக்சர், காந்தத்தை வைத்துப் பிரித்துவிடலாம். அந்தச் சொல்லை வைத்து ஐந்து வாக்கியங்கள் எழுதி, வீட்டிலிருந்து ஏதாவது ஒரு மிக்சரைப் பிரித்து எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொன்னார்.

வாக்கியங்கள் சுலபமாக வந்துவிட்டன. கொத்தனார் சிமெண்ட் மிக்சர் போடுகிறார். வயிறு வலித்தால் கம்பவுண்டர் மிக்சர் கொடுக்கிறார். பக்கத்து வீட்டு மாமா ஸ்கூட்டருக்குப் பெட்ரோலும் ஆயிலும் மிக்சர் போடுகிறார். என் அம்மா மிக்சர் செய்கிறாள். ஐந்தாவதற்கு ஒன்றும் தோன்றாமல் 'எனக்கு மிக்சர் மிகவும் பிடிக்கும்' என்று முடித்தேன். எந்த மிக்சர் என்று எழுதவில்லை. நல்ல வேளையாக அந்த நோட்டை மிஸ் பார்க்கவே இல்லை.

வீட்டில் அப்போது நிலைமை சரியாக இல்லை. அப்பா பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். தீபாவளிக்குப் பிறகு அங்கே ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் அம்மாவும் நானும் தர்மபுரிப் பக்கம் பெரியப்பா வீட்டுக்குப் போய்விட வேண்டியது, அப்பா மட்டும் இங்கே நாலு பேரோடு ரூமில் இருந்துகொள்வது என்று பேச்சு. அம்மாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. எனக்கோ பயம். பள்ளியில் இங்கிலீஷும் கன்னடமும்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்போது தமிழில் என் பெயரை எழுதக்கூடத் தெரியாது. அங்கே போனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்துவிடுவார்கள் என்று நினைத்து நினைத்து சோறு இறங்காமல் கிடந்தேன்.

அந்த நேரத்தில்தான் அப்பா ஒரு சேதி கொண்டுவந்தார். கம்பெனி கேன்டீனைப் புதிதாக ஒரு கான்ட்ராக்டர் எடுத்திருக்கிறார். சாயங்கால டீயோடு கொடுக்க வாராவாரம் மிக்சர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நேரில் வந்து, வீட்டையும் பார்த்து, ருசியும் பார்த்துவிட்டுத்தான் சொல்வாராம். இது கிடைத்தால் ஊர்ப் பயணம் இல்லை. அம்மா அன்றைக்கே ஓமப்பொடி அச்சைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் முழுக்க அடுப்படியில் நின்றாள். ஓமப்பொடி பிழிந்து, பூந்தி தேய்த்து, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, அவல், கறிவேப்பிலை எல்லாவற்றையும் வறுத்துப் பெரிய எவர்சில்வர் டப்பாவில் கொட்டிக் குலுக்கினாள். டப்பா நிறையவில்லை. கடலை மாவு தீர்ந்துபோயிருந்தது. கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றவள், மேல் தட்டிலிருந்து ஒரு பழைய டின்னை இறக்கினாள். தீபாவளிக்குப் போட்டதில் மிஞ்சிய ரிப்பன் பக்கோடா, உடைந்து தூளாகக் கிடந்தது. அதில் ஒரு கைப்பிடி அள்ளி மிக்சரில் போட்டு நன்றாகக் கலந்தாள். நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "போய்ப் படிக்கிற வேலையப் பாரேன்டி, சும்னே நின்னுட்டு" என்றாள். நான் என்ன கேட்டேன் என்று இவ்வளவு கோபம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். அம்மா நல்ல காபித்தூளும் பாலும் வாங்கக் கடைக்குப் போனாள். எனக்கு ஹோம்வொர்க் பாக்கி. நாலு மணிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது. பிரிப்போம், எனக்கு வேண்டியதைத் துளித்துளி எடுத்துக்கொள்வோம், மறுபடி கொட்டிக் குலுக்கி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? தரையில் பேப்பரை விரித்து டப்பாவை அப்படியே கவிழ்த்தேன்.

மிஸ் சொன்னது போலத்தான் இருந்தது. ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தது. காந்தம் கிடையாது, என் பத்து விரல்கள்தான். கண்ணை ஒருமுறை மிளகாய்த்தூள் கையால் கசக்கிவிட்டு, கொஞ்சம் அழுதுவிட்டு, வேலையைத் தொடர்ந்தேன். ரஃப் நோட்டிலிருந்து சீட்டுக் கிழித்து ஒவ்வொரு குவியலுக்கும் முன்னால் இங்கிலீஷில் பெயர் எழுதி வைத்தேன். ஓமப்பொடிக்கும் பூந்திக்கும் அவலுக்கும் இங்கிலீஷ் தெரியாததால் மஞ்சள் நூல், மஞ்சள் உருண்டை, தட்டையான அரிசி என்று எழுதிச் சமாளித்தேன்.

ஆறு குவியல் ஆயிற்று. ஏழாவதாக அந்த ரிப்பன் பக்கோடாத் தூள் மிஞ்சியது. ரிப்பன் என்று எழுதினால் தலையில் கட்டுவதா என்று வகுப்பே சிரிக்கும்; வேறு என்ன பெயர் எழுதுவது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. பெயர் இல்லாத ஒன்றைக் கொண்டுபோனால் மிஸ் எழுந்து நிற்கச் சொல்லி, இது என்ன என்று கேட்பார். மறுபடி கலந்துவிட்டால் மிக்சரை முழுசாகப் பிரித்ததாக ஆகாது; வீட்டில் தின்பண்டத்தைக் கீழே போட்டால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். ஆகவே தின்றுவிட்டேன். எண்ணெய்ச் சிக்கு வாடை தூக்கி அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு கடைசித் துணுக்கு வரைக்கும் விழுங்கினேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், கையில் தாம்பூலப் பை. "இது மிக்சர் போடற வீடுதானே? பக்கத்துச் சத்திரத்துல கல்யாணம். முடிஞ்சுது, அப்படியே பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்" என்றார். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழர் என்று அப்பா சொல்லியிருந்த கான்ட்ராக்டர் அவர்தான்.

அவருக்குப் பின்னாலேயே அம்மா பால் பாத்திரத்தோடு வந்து நின்றாள். தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகத்தை நான் அதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததில்லை. பெட்டி படுக்கையெல்லாம் கட்டி நாங்கள் தர்மபுரி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது என் கண்ணுக்கு முன்னால் வந்துபோனது.

"என்ன மரி இது?" என்று கன்னடத்துப் பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல் என்னைக் கேட்டுக்கொண்டே அவர் வேட்டியை ஒதுக்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, மிஸ் சொன்ன அர்த்தத்தை இங்கிலீஷில் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு குவியலிலிருந்தும் துளி எடுத்து முகர்ந்தார், நசுக்கிப் பார்த்தார், வாயில் போட்டு மென்றார். பூந்தியை இரண்டு தடவை எடுத்தார்.

"ஏம்மா, முப்பது வருஷமா கேன்டீன் நடத்தறேன்" என்றார். "மிக்சர்னா கடைக்காரனுக்கு என்ன தெரியுமா? வாரம் பூரா மிஞ்சினதைப் போட்டு மூடற எடம். யாரும் கண்டுபிடிக்க மாட்டான். இப்படி அக்கு வேற ஆணி வேறயா பிரிச்சு என் முன்னாடி யாரும் வெச்சதில்ல. இவ்ளோதானே? வேற எதுவும் ஸ்வல்பகூட சேர்க்கறதில்லையே?"

அம்மாவின் கண் குவியல்கள் மேல் ஒவ்வொன்றாகப் போயிற்று. ஆறோடு நின்றது. அப்புறம் மெல்லத் திரும்பி என் வாயைப் பார்த்தது. நான் புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டேன்.

"இவ்ளோதான் சார்" என்றாள் அம்மா.

அவர் காபி குடித்துவிட்டு, வருகிற வாரத்திலிருந்து அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா முடி வெட்டிக்கொண்டு வந்து விஷயத்தைக் கேட்டு, என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். என் இங்கிலீஷால்தான் ஆர்டர் கிடைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவோ மேல் தட்டிலிருந்த அந்தப் பழைய டின்னை இறக்கி, மிச்சத்தைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு, டின்னைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். நான் கொட்டியிருந்தால் முதுகு பழுத்திருக்கும்.

சாயங்காலமே எனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, ஆஸ்பத்திரிதான். கம்பவுண்டர் ரோஸ் நிறத்தில் ஒரு பாட்டில் மிக்சர் ஊற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அம்மா ஒரு மூடி அளந்து கொடுத்து, நான் முகத்தைச் சுளித்து விழுங்கும் வரை காத்திருந்தாள்.

"அந்தப் பக்கோடாவ என்னடி பண்ணே?"

"தின்னுட்டேன்."

"அத்தனையுமா? ஏன்டி?"

"அதுக்கு இங்கிலீஷ்ல பேரு தெரியலம்மா."

அம்மா என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரலில் இன்னும் மிளகாய்த்தூள் சிவப்பு போகவில்லை. "இனிமே சத்தியமா போட மாட்டேன்டி கண்ணு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிக்சர் போடாவிட்டால் ஊருக்கல்லவா போக வேண்டும்? "நீ போடும்மா" என்று கெஞ்சினேன். "அத மட்டும் போடாத. நல்லாவே இல்ல."

அவ்வளவுதான். அம்மா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆர்டர் கிடைத்துவிட்டது, நாங்கள் எங்கேயும் போகப் போவதில்லை, வயிற்று வலியும் எனக்குத்தான்; இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை. அவளுக்கும் எங்கேயோ வலிக்கிறது போல என்று நினைத்து, அந்த ரோஸ் நிறப் பாட்டிலை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.