பின்னால் கட்டிய படகு

கல்கத்தாவில் எங்கள் டாக்குரியா சந்துக்கு ஒருவழியாகத் தார் போட்டுவிட்டார்கள். மனுக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோனவர்கள் எல்லாரும் வாசலில் நின்று, கல்யாண ஊர்வலம் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நான் மட்டும் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். மருமகள் எட்டிப் பார்த்து, "தலைவலியாம்மா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். எனக்கும் தார் வாசனைக்கும் உள்ள பகையை அவளிடம் சொல்ல ஆரம்பித்தால் அன்றைக்குச் சமையல் நடக்காது. உங்களிடம் சொல்லலாம். உங்களுக்குப் பொழுது இருக்கிறது, இல்லாவிட்டால் இதைக் கையில் எடுத்திருக்க மாட்டீர்கள்.

அந்த வாசனை எங்கள் வீட்டுக்குள் வந்தது எத்தனையோ வருஷம் முன்னால், ஒரு குளிர்காலம் தொடங்கும் சமயத்தில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அண்ணாவின் வேட்டியோடு வரும். அண்ணா என்றால் என் கணவரின் தமையனார். நான் அவரோடு நேருக்கு நேர் பேசினதே கிடையாது. அந்த நாளில் பேசுகிற வழக்கமில்லை. ஆனால் அவர் வேட்டியை எத்தனையோ தரம் துவைத்திருக்கிறேன். சீயக்காய், சவுக்காரம், எலுமிச்சை எதற்கும் தார்க்கறை மசியாது. பேசாதவரோடு சண்டை போட முடியாது, வேட்டியோடு போடலாம். நான் போட்டேன்.

அப்போது பவானிபூரில் குடியிருந்தோம். கும்பகோணத்திலிருந்து நான் கல்யாணமாகி வந்து அதிக நாளாகவில்லை. வீட்டில் நாலே பேர். அண்ணா, அவர் மனைவி அலமேலு மன்னி, என் கணவர், நான். அண்ணாவும் என் கணவரும் ஒரே வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாக்கள். கீழ்த்தள வீடு. மழைக்காலத்தில் சுவரில் கை வைத்தால் கை நனையும். அரிசி டப்பாவுக்குள் பூஞ்சை, புடவைப் பெட்டிக்குள் பூஞ்சை, ஊறுகாய் ஜாடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மன்னி அந்த வீட்டில் எட்டு மழைக்காலம் இருந்தவள்.

மன்னியைப் பற்றி என்ன சொல்ல? அவள் வாயைத் திறந்தால் தெருவே வீட்டுக்குள் வந்துவிடும். பக்கத்து வீட்டுப் பௌதி, அதுதான் வங்காளத்து மன்னி, மாமியாரைத் திட்டுவது, தயிர்க்காரன் பானையை இறக்கும்போது முனகுவது, எங்கள் கூட்டத்துப் பெரியவர் பஞ்சாபகேசய்யர் ஆசமனம் செய்யும்போது தொண்டையில் போடும் சத்தம், எல்லாவற்றையும் அப்படியே செய்து காட்டுவாள். நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வேன். அவளுக்குச் சிரிக்க முடியாது. சிரித்தால் இருமல் வரும். இருமல் வந்தால் நிற்காது.

எதிர்வீட்டு டாக்டர் பாபு வந்து மார்பில் தட்டிப் பார்த்தார். அண்ணாவைத் தனியே கூப்பிட்டு, இந்த வீட்டில் இன்னொரு மழைக்காலம் இருந்தால் பிழைக்கமாட்டாள் என்றார். உடனே வேறு வீடு பாருங்கள், அதற்கு முன் குளிர்காலத்தில் கொஞ்ச நாளாவது ஆற்றில் படகிலே வைத்திருங்கள், நல்ல காற்றும் வெயிலும் பட்டால் நெஞ்சு தேறும், உடம்பு மட்டும் நனையக்கூடாது என்றார். கதவுக்குப் பின்னால் நின்று நானும் மன்னியும் கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் என் காதில், "படகிலே வெச்சா நான் தேறிடுவேன்டி. கல்கத்தா வந்து இத்தனை வருஷமாச்சு, கங்கையை முழுசா பார்த்ததில்லை" என்றாள்.

அப்படித்தான் பஜ்ரா வந்தது. பஜ்ரா என்றால் அறையும் ஜன்னலும் வைத்து, மேலே மொட்டைமாடி போட்டுக் கட்டின பெரிய படகு. வங்காளத்து ஜமீன்தார்கள் குடும்பத்தோடு அதில் ஏறினால் மாதக்கணக்கில் இறங்கமாட்டார்கள். அப்படிப்பட்ட ஜமீன்தார் ஒருவரின் பேரன் எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்தான். வண்டி, குதிரை, சரவிளக்கு எல்லாம் போய்க் கடைசியில் அலிப்பூர் பக்கத்துக் கால்வாயில் கிடந்த பஜ்ராவும் விலைக்கு வந்தது. அண்ணாவும் பஞ்சாபகேசய்யரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினார்கள். வாங்குவதற்கு முன் நால்வரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்களாம். அண்ணா குடைக்காம்பால் பலகை பலகையாகத் தட்டிப் பார்த்தாராம். குடைக்காம்புக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று என் கணவர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். நால்வரில் ஒருவருக்குச் சீட்டாட இடம் வேண்டும். ஒருவருக்கு ஆபீஸில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். பஞ்சாபகேசய்யருக்கு கிரகணத்தன்று கூட்டமில்லாமல் நடு கங்கையில் முழுக வேண்டும். மன்னிக்காக வாங்கியவர் அண்ணா ஒருவர்தான். அதையும் சொல்ல வேண்டும், மனுஷருக்குப் பெண்டாட்டி மேல் பிரியம் உண்டு.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் கால்வாய்க் கரையிலேயே போயின. படகைச் சேற்றில் சாய்த்துப் பாசியைச் சுரண்டினார்கள். பலகை இடுக்கில் சணல் நாரைத் திணித்து அடித்தார்கள். நம்மூரில் பனிச்சங்காய் என்கிறோமே, அதைக் காப் என்பார்கள் இங்கே. அதன் சாற்றைப் பூசி, அது காய்ந்தபின் அடிப்பக்கத்துக்குத் தார். வேலை செய்தது படகுக்காரர்கள். எங்கள் வீட்டு ஆண்கள் கிட்ட நின்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதற்கே வேட்டியெல்லாம் தார். வீட்டில் மன்னி உட்கார்ந்து பழைய புடவைகளைக் கிழித்து ஜன்னல் திரை தைத்தாள். பச்சை நிறமாகப் பொறுக்கி எடுத்தாள். தலையணைக்குப் புது இலவம்பஞ்சு அடைத்தாள். அத்தனை உற்சாகமாக அவளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இனிமேல்தான் நம்மவர்கள் கைவரிசை. பஜ்ராவில் இரண்டு அறை. முன்னறை பெரிசு, மூன்று பக்கமும் ஜன்னல். பின்னறை ஒரு பெட்டி மாதிரி. மன்னிக்கு முன்னறை என்றுதான் பேச்சு. ஆனால் சமையல் எங்கே? ஜமீன்தார் நாளில் சமையலுக்குத் தனிப் படகு பின்னால் வருமாம். பஞ்சாபகேசய்யர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மடிச் சமையல் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்கு வந்தால் நடுவில் துடுப்புப் போடுகிறவன் மேலே படும், அவன் வேறு ஜாதி, வேறு மதம் என்றார். ஆகவே அடுப்பு முன்னறைக்கு வந்தது. அடுப்பு வந்த பிறகு பூஜைப் பெட்டி வந்தது. பூஜைப் பெட்டி வந்த அறையில் நோயாளி படுக்கலாமா? மன்னியின் படுக்கை பின்னறைக்குப் போயிற்று. அவள் தைத்த பச்சைத் திரைகள் அடுப்புக்கு முன்னால் ஆடி, கரி படிந்து, ஒரே வாரத்தில் கறுத்துப்போயின.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது நால்வரும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். பஞ்சாபகேசய்யர் தொண்டையைச் செருமினார்.

"பஜ்ராவிலே கொல்லைப்புறம் எங்கே இருக்கு? பொம்மனாட்டி தூரமானா எங்கே உட்காருவா?"

மாதவிலக்கைச் சொல்கிறார். அந்த நாளில் மூன்று நாள் வீட்டுக்கு வெளியே ஒதுங்கி உட்கார்ந்து, நாலாம் நாள் காலை தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். பவானிபூர் வீட்டில் கொல்லையை ஒட்டி ஒரு ஓட்டுச் சாய்ப்பு அதற்கென்றே இருந்தது.

"நாள் பார்த்துக் கிளம்பினாப் போறது" என்றார் அண்ணா.

"உடம்பு சரியில்லாதவளுக்கு நாள் நிக்குமா ஓய்? நடு ஆத்திலே ஆனா என்ன பண்றது? ஸ்வாமி இருக்கு, அடுப்பு இருக்கு."

என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு அண்ணாவைப் பார்த்து மூடிக்கொண்டார். கடைசியில் பஞ்சாபகேசய்யரே வழி சொன்னார். டிங்கி என்கிற சின்னத் துடுப்புப் படகு ஒன்று வாங்கி, பாய்க்கூரை போட்டு, பஜ்ராவுக்குப் பின்னால் கயிற்றில் கட்டிவிடுவது. ஒதுங்க வேண்டியவள் அதில் ஒதுங்குவது. எல்லாரும் ஆஹா என்றார்கள். இத்தனை நேர்த்தியான யோசனை வேறு எந்த ஜாதிக்கும் தோன்றியிராது. ஜமீன்தார்கள் அடுப்பைப் பின்னால் வரும் படகில் வைத்துப் பெண்டுகளை உள்ளே உட்காரவைத்தார்கள். நம்மவர்கள் அடுப்பை உள்ளே வைத்தார்கள்.

மன்னி அதற்கும் சிரித்தாள். "எனக்குன்னு தனிப் படகுடி. ஜமீன்தார் ஆத்து மாட்டுப்பொண்ணுக்குக்கூட இது கிடையாது" என்றாள். டிங்கிக்கும் சணல் அடித்துத் தார் பூசினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாவின் வேட்டியை நான் துவைக்காமல் அப்படியே அவுத்துப் போட்ட இடத்தில் விட்டுவிட்டேன். மன்னிதான் எடுத்துத் துவைத்தாள்.

கிறிஸ்துமஸ் லீவில் கிளம்பினோம். மற்ற வீட்டுப் பெண்கள் தண்ணீர்ப் பயம் என்று நின்றுவிட்டார்கள். நாலு ஆண்கள், என் கணவர், மன்னி, நான், படகுக்காரர்கள். கால்வாயிலிருந்து பெரிய ஆற்றில் புகுந்து, கடல் ஏற்றத்தில் மேலே ஏறிவரும் தண்ணீரோடு வடக்கே போனோம். படித்துறைகள், கோயில்கள், சணல் ஆலைகளின் புகைபோக்கிகள், ஆலைக்கு அப்பால் கடுகு பூத்த வயல்கள். ஆண்கள் உள்ளே சீட்டாடும்போது மன்னி மொட்டைமாடிக்கு ஏறிவிடுவாள். நல்ல வெயில், நல்ல காற்று. இரண்டாம் நாள் இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் பஞ்சாபகேசய்யர் ஆசமனத்தைச் செய்து காட்டிவிட்டு அவளே வாய்விட்டுச் சிரித்தாள். இருமல் வரவில்லை. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டாக்டர் பாபு சொன்னது பலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவள் என்னிடம் வந்து, "டிங்கியை இழுக்கச் சொல்லு" என்றாள்.

நான், யாரிடமும் சொல்லவேண்டாம் என்றேன். யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். அவள் கேட்கவில்லை. "அவா சாப்பாட்டிலே எல்லாம் என் கை படும். நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஒண்ணு ஆனா என்னால ஆச்சும்பா" என்று படுக்கையைச் சுருட்டிக்கொண்டாள். டிங்கியை இழுத்துப் பிடித்தார்கள், இறங்கினாள், கயிற்றை விட்டார்கள். மேலே பஜ்ராவில் வெயில் இருந்தது. கீழே டிங்கி தண்ணீரோடு தண்ணீராகக் கிடந்தது. காலையில் ஆற்றின் மேல் மூடுபனி எழும்பினால் அவளிருப்பதே தெரியாது, இருமல் சத்தம் மட்டும் கேட்கும். பாய்க்கூரை பனியில் ஊறிச் சொட்டியது.

சுக்கான் பிடித்த கிழவர் கரீம் தம்முடைய காந்தாவை, பழந்துணிகளை அடுக்கித் தைத்த போர்வையை, சுருட்டி எறிந்தார். "டாண்டா லாக்பே மா" என்றார், குளிர் பிடிக்கும் என்று. மன்னி பிடித்துப் போர்த்திக்கொண்டாள். எங்கள் ஆண்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஏற்கெனவே தீட்டாக இருப்பவளுக்கு மேற்கொண்டு என்ன தீட்டு? நான் சோற்றை இலையில் கட்டி மூங்கில் நுனியில் தொங்கவிட்டு நீட்டுவேன். "உடம்பு எப்படி இருக்கு மன்னி?" என்று கேட்டால், "நன்னாத்தான் இருக்கு. இங்கே ஒருத்தரும் எனக்கு வேலை சொல்லலை" என்பாள். கடைசி நாள் அதையும் சொல்லவில்லை, கையை மட்டும் ஆட்டினாள். நான் என் கணவரிடம் அழுதேன். அவர் போய் அண்ணாவிடம் சொன்னார். அண்ணா பின்பக்கம் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். இழுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"இன்னும் ஒரு ராத்திரிதான், அலமு. பல்லைக் கடிச்சுண்டு இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவள் டிங்கிக்குப் போன நாலாம் நாள் விடியலில் நான் வெந்நீர் போட்டேன். பஞ்சாபகேசய்யர் அண்டாவைப் பார்த்துவிட்டு, "கங்கை மேல இருந்துண்டு வெந்நீர் ஸ்நானமா?" என்றார். அதட்டிச் சொல்லவில்லை, விசாரிப்பதுபோல்தான் சொன்னார். அண்ணா வேறு பக்கம் பார்த்தார். மன்னி அதற்குள் டிங்கியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் முழுகி எழுந்துவிட்டாள். மார்கழி மாதத்து கங்கை. அவளைத் தூக்கித்தான் பஜ்ராவில் ஏற்றினோம். பல் கிட்டிப்போயிருந்தது. அந்த வெந்நீரில் பாத்திரம் தேய்த்தோம்.

படகைத் திருப்பிக்கொண்டு வந்தோம். மாசி பிறப்பதற்குள் மன்னி போய்விட்டாள். அண்ணா மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அது பொய்யழுகை இல்லை, எனக்குத் தெரியும். அதற்காக என் வயிற்றெரிச்சல் குறையவில்லை. பஞ்சாபகேசய்யர் துக்கம் கேட்க வந்து, சுமங்கலியாகப் போனாள், கங்கையில் முழுகிவிட்டுப் போனாள், இந்தப் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும் என்றார். அண்ணா தலையாட்டினார்.

இன்று அதில் ஒன்றும் மிச்சமில்லை. கால்வாய் தூர்ந்து சாக்கடையாகிவிட்டது. பஜ்ராவில் சில வருஷம் சீட்டாடினார்கள், டிங்கியில் அடுப்பு விறகு போட்டு வைத்தார்கள். பிறகு பஜ்ராவே விறகாகப் போயிற்று. பவானிபூர் வீட்டை இடித்து யாரோ மூன்று மாடி கட்டிவிட்டார்கள். பஞ்சாபகேசய்யரும் இல்லை. மன்னியின் குரலில் பேசிக்காட்ட எனக்கு வராது, ஆகவே அவளோடு அந்தத் தெருவும் போய்விட்டது.

டாக்குரியாவுக்குக் குடிவந்தபோது அண்ணா எங்களோடுதான் இருந்தார். இரண்டு அறை, ஒரு குழாய். கொல்லையும் கிடையாது, சாய்ப்பும் கிடையாது. என் பிள்ளைக்குக் கல்யாணமாகி மருமகள் வந்த முதல் மாதம், ஒரு காலையில் அவள் சமையலறைக்கு வெளியே தயங்கி நின்று, "இன்னிக்கு நான்..." என்று இழுத்தாள். பாவம், எங்கே போய் ஒதுங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அதனாலே என்னம்மா, காபியைக் கொண்டா. காலம் மாறிடுத்து" என்றார்.

அவள் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஆற்றிக் குடித்தார். சர்க்கரை கொஞ்சம் குறைச்சல் என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. யாரும் கூடிப் பேசவில்லை, ஒரு சொல் தடிக்கவில்லை, எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நல்ல காலம், பெண்கள் பாடு விடிந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் டம்ளரைக் கீழே வைத்த சத்தத்தில் நான் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு வாய்க் காபி குடிக்கிற நேரத்தில் விட்டுவிடக் கூடியதாகத்தான் அந்த வழக்கம் அன்றைக்கு, அவர் கையில் கயிறு இருந்தபோதும் இருந்திருக்கிறது.