நாடி பிடித்த படம்

உருவப்படம் வரைந்து பிழைப்பவனுக்கு வாடிக்கையாளரின் முகம் ஒன்று, அவர் கேட்கும் முகம் வேறு; தூரிகை பிடித்த சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

வெள்ளை விரிப்பு

பிரிக்பீல்ட்ஸில் நான் கடை வைத்திருந்தபோது, கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து டிரஸர் கூப்பிட்டனுப்பினார். தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். தொழிலாளிகளுக்கு அவர்தான் டாக்டர். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து நாடி பார்ப்பதுபோல் பெரிய படம் வேண்டுமாம், துரை வந்தால் காட்ட. நிஜத்தில் அவர் வார்டு வாசற்படியைத் தாண்ட மாட்டார். காய்ச்சலுக்கான கொயினா மாத்திரையை அங்கிருந்தே நீட்டுவார்.

காய்ச்சலில் பலகைமேல் கிடந்த தொழிலாளி முனுசாமியைத் தூக்கி, டிரஸர் வீட்டுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டு, வெள்ளை விரிப்பில் கிடத்தினார்கள். படம் முடிந்ததும் கிள்ளான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவதாகப் பேச்சு. முனுசாமி விரிப்பைத் தடவியபடி என்னிடம் கேட்டார்: "படம் முடிஞ்சா இதையும் எடுத்துருவாங்களாண்ணே?"

நாடி

மறுநாள் வரைய உட்கார்ந்தேன். லோரி வாசலில் தயாராக நின்றது. முனுசாமியின் மனைவி அஞ்சலை மூட்டையோடு அதன் பக்கத்தில் நின்றார். டிரஸர் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் வெளிச்சத்துக்குத் திருப்பி என்னைப் பார்த்தார். முதலில் முனுசாமியின் நடுக்கத்தில் விரிப்பே அலைந்தது. பிறகு அடங்கியது. "இப்பதான் ஒழுங்கா கெடக்கான்" என்று டிரஸர் சிரித்தார். நானும் வேகமாக வரைந்தேன்.

பொறுக்கமாட்டாமல் அஞ்சலை உள்ளே வந்து கணவரின் காலைத் தொட்டார். தொட்ட கையை எடுக்கவில்லை. டிரஸர் அப்போதும் மணிக்கட்டை விடவில்லை. அஞ்சலை அழாமல், மெதுவாகக் கேட்டார்: "கையப் புடிச்சிக்கிட்டேதானே இருந்தீங்க, உங்களுக்குத் தெரியலையா ஐயா?"

கண்

எங்கள் தொழிலில் கண்ணைக் கடைசியில்தான் வரைந்து திறப்போம். முனுசாமிக்கு அது பாக்கி. போனவருக்கு எப்படித் திறப்பது? இமை மூடியபடியே முடித்துக் கொடுத்தேன். டிரஸர் அதைத் தம் வீட்டுக் கூடத்தில் மாட்டினார். துரை பார்த்துவிட்டு, நாடி பிடித்திருந்த அந்தக் கையையே குலுக்கிப் பாராட்டினாராம்.

மழைக்காலம் தொடங்கும்போது படம் துணி சுற்றி என் கடைக்கே திரும்பி வந்தது, கூடவே டிரஸரும். ஆள் பாதியாக இளைத்திருந்தார். வலது கையைக் கால்சட்டைப்பையிலிருந்து வெளியே எடுக்கவேயில்லை. நான் துணியைப் பிரித்தேன். இமைகள் நான் வரைந்தபடி மூடித்தான் இருந்தன. அவர் படத்தின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "எங்க போய் நின்னாலும் என்னையே பாக்குறான்யா, அந்தக் கண்ண மூடி விட்டுரு."

மூடியிருக்கும் கண்ணை மூட எந்தச் சாயத்தைக் குழைப்பது என்று தெரிந்த சகபாவி யாராவது இருந்தால், படம் இன்னும் என் கடையில்தான் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது.