சுவரின் பின்பக்கம்

முதலில் கை கழுவுகிறார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் விரல்களைத் துடைத்து, பிறகு சோப்புப் போட்டு, நகக்கண்ணில் தங்கிய பெயிண்டைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, கடைசியில் வெறும் தண்ணீரில் மூன்று முறை அலசுகிறார். துடைக்க ஒரு வெள்ளைத் துணி சட்டைப் பையில் தனியாக இருக்கிறது. அதை வேறு எதற்கும் எடுப்பதில்லை. குழாயடியிலிருந்து செட் சுவர் வரைக்கும் இருபதடி இருக்கும். அவ்வளவு தூரமும் இரண்டு கைகளையும் எதிலும் படாமல் முன்னால் நீட்டிக்கொண்டே நடந்து வருகிறார். அப்படி அவர் வருவதைக் கண்டால் படப்பிடிப்புத் தளத்தில் பேச்சு குறைந்துவிடும். இன்றைக்கு யாருக்கோ நட்சத்திரம் வரையப் போகிறார், இன்னும் சில வாரங்களில் அந்த யாரோ சாகப் போகிறார் என்று அர்த்தம்.

தொடரில்தான். பயப்பட வேண்டாம்.

'தூசிக்காலம்' பார்க்காதவர்கள் இன்னும் யாராவது மிச்சமிருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். உலகம் தூசியில் புதைந்துவிட்டது. பிழைத்த முப்பத்திரண்டு பேர் பாழடைந்த வழிபாட்டுக் கூடம் ஒன்றில் ஒண்டியிருக்கிறார்கள். எந்த மதத்தின் கூடம் என்று சொல்வதில்லை. அணைந்த விளக்கு மாடம் உண்டு, முழங்கால் பட்டுத் தேய்ந்த தரை உண்டு, எழுத்தழிந்த புத்தகம் உண்டு, கை கழுவ ஒரு கல் தொட்டி உண்டு. யாருக்கு முடிவு நெருங்குகிறதோ அவர் படுக்கும் இடத்துக்கு மேலே, உதிர்ந்த சுண்ணாம்புக்கு அடியில், ஏழு முனை நட்சத்திரம் ஒன்று மங்கலாகத் தெரியும். கதையில் இருப்பவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கிற நாம்தான் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, அவருக்குச் சொல்ல முடியாமல் தவிக்க வேண்டும். ஜனங்கள் ஒவ்வொரு வாரமும் காட்சியை நிறுத்தி, பெரிதாக்கி, சுவர் சுவராகத் தேடுகிறார்கள். நான் மட்டும் என்ன யோக்கியம், எங்கள் படுக்கையறையில் மழைநீர் ஒழுகிய கறைக்கு எத்தனை முனை என்று எண்ணிப் பார்த்தவன்.

அந்த நட்சத்திரங்கள் அத்தனையும் இவர் கை. வயது ஐம்பத்தெட்டு. ஒல்லியான உடம்பு, காதில் எப்போதும் தச்சர் பென்சில். எழுதுவதற்கு முன் அதன் முனையை நாக்கில் ஒரு முறை தொட்டுக்கொள்வார். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. மற்றபடி இயக்குநர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் 'ஏழுமுனை'தான்.

நட்சத்திரத்தை வரைய அவருக்குப் பத்து நிமிடம் போதும். அதை மறைக்கத்தான் அரை நாள் ஆகிறது. மேலே தூசி நிறத்தில் ஒரு பூச்சு, ஈர ஸ்பாஞ்சால் ஒரு ஒற்று, மழுங்கிய கத்தியால் அங்கங்கே ஒரு சுரண்டல். "பார்த்த உடனே தெரிஞ்சா அது போஸ்டர் சார். தேடினாத்தான் கெடைக்கணும். கெடைச்சதும், ஏண்டா தேடினோம்னு இருக்கணும்" என்றார்.

நடிகர்களுக்கு வசனத்தாள் ஒரு வாரம் முன்னால்தான் வரும். இவருக்குச் சுவரின் வரைபடம் ஒரு மாதம் முன்பே வந்துவிடும். ஆகவே, யாருடைய ஆயுள் எப்போது முடிகிறது என்பது அந்தத் தளத்தில் இவருக்குத்தான் முதலில் தெரியும். வேலை போகிற விஷயம் என்பதால் நடிகர்கள் இவரைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். கேட்காமலே தேநீர் வருகிறது, குடும்பநலம் விசாரிக்கப்படுகிறது. தேநீரைக் குடித்துவிட்டு, "நான் சுவருக்குத்தான் பெயிண்ட் அடிக்கிறேன், ஆளுக்கு இல்ல" என்று எழுந்துவிடுவார்.

மனைவியிடம் மட்டும் அது செல்லுபடியாகாது. அந்த அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் அலுவலக உதவியாளர். தொடரைப் பார்ப்பதே இல்லை, பார்க்க அவசியமும் இல்லை. நட்சத்திரம் வரைந்த நாளில் இவர் தட்டில் பாதிச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிடுவார். "இன்னிக்கு யாரு?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மா தட்டை எடுப்பாராம்.

இந்தக் கை கழுவும் சடங்கு பக்தியா என்று கேட்டேன். கொஞ்சம் கிண்டலாகவே கேட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சாமி கும்பிடற பழக்கம் எனக்கில்ல. ஆனா ஒருத்தர் தலைக்கு மேல கை வெக்கிறோம். கை சுத்தமா இருக்கணுமில்ல?" என்றார். தொடரில் வரும் கல் தொட்டியே இவரைப் பார்த்து வந்ததுதானாம். கதாசிரியர் ஒரு நாள் குழாயடியில் இவரைக் கவனித்துவிட்டுப் போய் எழுதிச் சேர்த்தது. இப்போது அந்தத் தொட்டிக்கு ரசிகர்கள் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகிறார்கள்.

இவ்வளவோடு முடித்திருந்தால் இது நான் எழுத வந்த கட்டுரையாக இருந்திருக்கும். மீதியை அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேருந்தில் சொன்னார். "இத மட்டும் எழுத வேணாம் சார், அவங்களுக்குத் தெரியாது" என்றார். சரி என்றேன். அந்த வாக்கை நான் மீறவில்லை என்பது கடைசியில் தெரியும்.

செட் சுவர் என்பது ப்ளைவுட் பலகை. முன்பக்கம்தான் சுவர். பின்பக்கம் வெறும் மரச் சட்டமும் முட்டுக் கட்டைகளும். ஒவ்வொரு பலகையின் பின்னாலும் அது யாருடைய இடம், எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று இவர் பென்சிலால் எழுதி வைப்பார். இடது என்றால் கேமரா பார்க்கிற இடது. ஆனால் பலகையைத் தூக்கி நிறுத்தி முட்டுக் கொடுப்பதெல்லாம் பின்னால் நின்றுதான். அங்கே நிற்கிறவருக்கு இடது வலதாகவும் வலது இடதாகவும் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக மனதுக்குள் ஒரு முறை திருப்பிப் போட்டுக்கொண்டுதான் இவர் ஆணி அடிக்கிறார்.

மூன்றாவது சீசனில் ஒரு நாள் திருப்பிப் போடவில்லை.

காரணம் கேட்டேன். உடம்பு சரியில்லையா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா? ஒன்றுமில்லை என்றார். "காரணம் இருந்தா அதையாவது திட்டலாம்."

அந்தக் கூடத்தில் அடுத்தடுத்து இரண்டு கட்டில்கள். இடது பக்கம் ஆசிரியர் கதாபாத்திரத்துக்கு, வலது பக்கம் நர்ஸ் கதாபாத்திரத்துக்கு. சாக வேண்டியவர் ஆசிரியர். நட்சத்திரம் நர்ஸின் தலைக்கு மேலே போய் நின்றது. மூன்று நாள் படமெடுத்தார்கள். யார் கண்ணிலும் படவில்லை. படாதபடி வரைவதுதானே இவர் திறமை! ஒளிபரப்பான மறுநாள் காலையில் ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். மத்தியானத்துக்குள் 'சிஸ்டருக்கு நட்சத்திரம் வந்துவிட்டது' என்று ஊரெல்லாம் அழுகை.

சிஸ்டர் என்பது அந்த நர்ஸாக நடித்த பெண்மணி. பதினோரு வருடம் ஒரு வேஷமும் கிடைக்காமல் வீட்டில் இருந்துவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் இந்தத் தொடருக்கு வந்தவர். வேஷத்தை அவ்வளவு நிஜமாக எடுத்துக்கொண்டார். செட்டில் பொம்மையாக வைத்திருந்த மருந்துப் பெட்டியில் நிஜப் பஞ்சும் நிஜக் களிம்பும் கொண்டுவந்து நிரப்பினார். லைட் தூக்குகிறவர்கள் கை கிழிந்தால் அவரிடம்தான் ஓடுவார்கள். ஏழுமுனையின் கட்டை விரலில் இன்று தழும்பாக இருக்கும் வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போட்டதும் அவர்தான்.

தப்பு தெரிந்த அன்றே இவர் மாடியேறிப் போய்க் கதாசிரியரிடம் சொல்லிவிட்டார். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனாராம். கதாசிரியர் கதவைச் சாத்தினார். திட்டவில்லை. "தப்பு உங்களோடதா இருக்கலாம். ஜனங்க நம்பிட்டாங்க. இனி அது கதை" என்றார். ஆசிரியர் பிழைத்துக்கொண்டார். நான்கு வாரம் கழித்து சிஸ்டர் முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, காணாமல் போன குழந்தையைத் தேடித் தூசிப்புயலுக்குள் நடந்தார். கதவு மூடியது. அவ்வளவுதான் அவர் வேஷம்.

அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு நான் அழுதேன். பேருந்தில் அது நினைவுக்கு வந்தபோது, எதற்காக அழுதோம் என்று எனக்கே விளங்கவில்லை.

சிஸ்டருக்கு அதன் பிறகு வேஷம் வரவில்லை. இப்போது ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறார். கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு காத்திருப்பவர்கள்கூட குரலை வைத்து அடையாளம் கண்டுகொள்கிறார்களாம். கையைப் பிடித்துக்கொண்டு, முதல் சீசனிலிருந்தே உங்களுக்காக அந்த நட்சத்திரத்தை வைத்திருந்தார்களாமே என்று கேட்கிறார்களாம். அவர் சிரித்துக்கொள்வாராம். ஏழுமுனைக்குத் தொண்டையில் முள்ளாக நிற்பது அந்தச் சிரிப்புதான். பிழைப்புதான் போயிற்று, அந்தப் பெருமையாவது அவருக்கு மிஞ்சியிருக்கிறது. உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடும். சொல்லாவிட்டால் இவருக்குச் சோறு இறங்குவதில்லை. மனைவியிடம் யோசனை கேட்டிருக்கிறார். "சொன்னா உங்களுக்கு நிம்மதி. கேட்டா அவங்களுக்கு?" என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டிருக்கிறார்.

இதில் இன்னொரு சிக்கல். அந்த சீசன் முடிந்து செட்டைப் பிரித்தபோது, நட்சத்திரம் இருக்கிற துண்டை மட்டும் தனக்குத் தர முடியுமா என்று சிஸ்டர் கேட்டிருக்கிறார். தச்சர் சதுரமாக அறுத்துக் கொடுத்துவிட்டார். அது அவர் வீட்டுச் சுவரில் பதினான்கு மாதமாகத் தொங்குகிறது. அதன் பின்பக்கத்தில் 'ஆசிரியர் – இடது' என்று இவர் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது.

ஆகவே மாதம் ஒரு ஞாயிறு சொல்லிவிடுவது என்று கிளம்புவார். போய், ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு வந்துவிடுவார். அடுத்த மாதம் சமையலறைச் சுவர், அதற்கடுத்த மாதம் குளியலறைக் கதவு. நாங்கள் பேருந்தில் போன அன்றைக்கு, நட்சத்திரம் மங்கிவிட்டது, கொஞ்சம் சரிசெய்து தர முடியுமா என்று சிஸ்டரே கூப்பிட்டிருந்தார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "நீங்க பக்கத்துல இருந்தா சொல்லிடுவேனோ என்னமோ" என்றார்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. கணவர் வெளியே போயிருந்தார். சின்ன வீடு என்றாலும் ஒரு கதவில், ஒரு கம்பியில், ஒரு மூலையில் பெயிண்ட் உதிர்ந்திருக்க வேண்டுமே, கிடையாது. சாப்பாட்டு மேசைக்கு மேலே அந்தச் சதுரம் தொங்கியது. சிஸ்டர் எங்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, மருத்துவமனைக் கதைகள் சொன்னார். ஒரு பெரியவர் கண் கட்டைப் பிரித்ததும் முதலில் இவரைப் பார்த்துவிட்டு, செத்துப் போனவங்க இங்க எப்படி என்று கேட்டாராம். நன்றாகச் சிரித்தோம். ஏழுமுனை சிரிக்கவில்லை.

கை கழுவினார். ஆணியிலிருந்து பலகையை எடுத்து, பின்பக்கம் யாருக்கும் தெரியாதபடி மேசையில் மல்லாக்க வைத்தார். ஏழு முனைகளையும் மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். இரண்டு முறை தொண்டையைச் செருமினார். சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டு முறையும் தண்ணீர் கேட்டார். காய்வதற்கு அரை மணி நேரம் ஆயிற்று.

காய்ந்ததும் அவசரமாக எழுந்து, பின்பக்கத்தை நெஞ்சோடு சேர்த்துப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஆணியை நோக்கிப் போனார்.

"மாட்டறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்குண்ணே" என்றார் சிஸ்டர். "பின்னாடி ஆசிரியர்னு எழுதியிருக்கு. அதை அடிச்சுட்டு என் பேரை எழுதிடுங்க."

ஏழுமுனை அப்படியே நின்றார். பலகை நெஞ்சிலேயே இருந்தது.

"எப்பத்துல இருந்து?" என்றார்.

"கொண்டாந்து ஆணி அடிச்ச அன்னிக்கே. ஒரு மாசம் உங்க மேல அவ்வளவு கோவம். அப்புறம் நெனச்சேன், நட்சத்திரம் யாருக்கு வேணா வந்திருக்கட்டும், அந்தக் கதவைத் தெறந்துட்டுப் போனது நான்தானே. அதை வேற யாரும் நடிக்கலையே." அவர் காலிக் கோப்பைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். "நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன். வீட்டுல பெயிண்ட் அடிக்க இனிமே எதுவும் மிச்சமில்லண்ணே." பிறகு என்னைப் பார்த்து, நான் பையில் போட்டிருந்த நோட்டுப் புத்தகத்தை வெளியே எடுக்கச் சொன்னார். எழுதிக்கொள்ளலாமாம்.

ஏழுமுனை பலகையைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். பென்சில் எழுத்து மங்காமல் அப்படியே இருந்தது. உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்து நாக்குக்குக் கொண்டுபோனவர், நடுவில் நிறுத்தி, அதை மேசையில் வைத்துவிட்டு எழுந்து குழாயடிக்குப் போனார்.

சோப்புப் போடும் சத்தம், பிரஷ் தேய்க்கும் சத்தம், பிறகு வெறும் தண்ணீர், மூன்று முறை. வெள்ளைத் துணியால் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் எதிலும் படாமல் முன்னால் நீட்டியபடி, மேசைக்குத் திரும்பி வந்தார்.