குப்பத்துக்காகப் பேசப் போனவன்

பொய் சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். அதனால் என் சொந்த ஜனங்கள், என் அக்காள் புருஷன் உட்பட, வேலையை இழந்தார்கள்.

"பாவம், சின்ன வயசு, ஏதோ தெரியாமல்..." என்று நீங்கள் ஆரம்பித்துவிடக் கூடாது. அதற்காகவே முழுவதையும் சொல்கிறேன். தெரிந்துதான் செய்தேன்!

நான் பிறந்து வளர்ந்தது திருவொற்றியூரில், ஒரு மீனவர் குப்பத்தில். டிகிரி முடித்ததும் மீனம்பாக்கத்தில் ஒரு தனியார் விமானக் கம்பெனியில் வேலை கிடைத்தது. சின்னக் கம்பெனி. தூத்துக்குடி, மதுரை, கோயம்புத்தூர், விசாகப்பட்டினம் என்று பல ஊர்களிலிருந்து குட்டி விமானங்கள் காலையில் சென்னைக்கு வந்து கூடும். ஜனங்கள் இறங்கி, வேறு விமானம் மாறி, வேறு ஊர்களுக்குப் போவார்கள். இப்படி எல்லாம் வந்து கூடிப் பிரியும் இடத்தை நாங்கள் 'ஹப்' என்போம். ஆள் மாறினால் போதாது, அவருடைய பெட்டியும் மாற வேண்டும். பெட்டி மாறவில்லையென்றால் ஹப்பாவது, மண்ணாங்கட்டியாவது!

அந்தப் பெட்டிகளைத் தூக்கி மாற்றியவர்கள் எங்கள் குப்பத்து ஆட்கள். சுனாமியில் படகும் வலையும் போன பிறகு, என் அக்காள் புருஷன் மாரி மாமா மேஸ்திரியாக நின்று, எங்கள் பையன்களையே லோடர் வேலையில் சேர்த்திருந்தார்.

அப்படியென்றால் நான் அவர்களோடு சிரித்துப் பேசி, ஒன்றாக டீ குடித்திருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை.

அலுவலகத்தில் நான் அண்ணா நகர்க்காரன். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். சேர்ந்த புதிதில் ஒருநாள் வாய் தவறி "பெட்டி அங்க கீது" என்றுவிட்டேன். ஆபீஸே சிரித்தது! ஒருவன் கைலியை மடித்துக் கட்டுவதுபோல் பாவனை செய்து, "இன்னா நைனா?" என்று ஆடிக் காட்டினான். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கே என் நாக்கைக் கழுவித் துடைத்துவிட்டேன்.

மாரி மாமாவுக்கு இது புரிந்துவிட்டது. வீட்டில் என்னை 'மச்சான்' என்று கூப்பிடுகிறவர், விமானத்தருகே பார்த்தால் 'சார்' என்பார். பையன்களிடமும் சொல்லி வைத்திருந்தார்: "அங்க அவன் நம்மாளுன்னு காட்டிக்காதீங்கடா. ஆபீஸ்ல அவனுக்குப் பேஜாராப் பூடும்." என் வெட்கத்தை மூடி மறைக்க, பெட்டி தூக்குகிற அந்த மனிதர் பாடுபட்டார். நான் அதை ஏற்றுக்கொண்டேன்... சௌகரியமாக இருந்தது.

பிறகு ஒரு பெரிய கம்பெனி எங்களை வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அவர்களுக்கு ஹைதராபாத்தில் ஏற்கெனவே ஒரு ஹப் இருந்தது. தெற்கே இரண்டு ஹப் எதற்கு? சென்னையில் இருப்பதை வைத்துக்கொள்வதா, மூடுவதா? பார்த்துச் சொல்லும்படி தலைமை அலுவலகத்திலிருந்து ஹேமா மேடத்தை அனுப்பினார்கள். கோயம்புத்தூர்க்காரர். கறாரானவர், ஆனால் நியாயமானவர்.

வந்த அன்றைக்கே என்னிடம் சொன்னார்: "சென்னைய விடக் கூடாதுங்கிறதுதான் என் எண்ணம், பாஸ்கர். கோயம்புத்தூர்ல இருந்து அந்தமான் போறவங்கள எதுக்கு ஹைதராபாத் வரைக்கும் இழுத்தடிக்கணும்? ஆனா இங்க பெட்டி நேரத்துக்கு மாறுதுன்னு நான் மேல காட்டணும். நாளைக்குக் காலைல நானே நின்னு பாக்கறேன்."

கேட்டீர்களா? அவர் எங்கள் பக்கம்தான் இருந்தார்!

அன்று சாயங்காலம் என் பெரியப்பா இறந்துபோனார்.

எங்கள் குப்பத்தில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை ஒருவரும் தொழிலுக்குப் போகக் கூடாது. ஒரு படகு இறங்காது. இறந்தவரோடு சண்டைக்காரனாக இருந்தாலும் கரையில்தான் நிற்க வேண்டும். கடலுக்கென்று இருந்த அந்தக் கட்டுப்பாட்டை எங்கள் ஆட்கள் ஏர்போர்ட் வேலைக்கும் அப்படியே வைத்திருந்தார்கள். சம்பள வேலை என்பதற்காகச் சாவு சாவில்லை என்றாகிவிடுமா?

மாரி மாமா என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"மச்சான், பொணம் எடுக்க நாளிக்கு மத்தியானம் ஆயிடும். பசங்க ஒருத்தனும் வரமாட்டான். அந்தம்மா வேற நாளிக்குத்தான் பாக்குதுன்ற. நீ போயி ஒரு வார்த்த சொல்லிடு. சாவு வூடுன்னா யாருக்கும் புரியும்."

"செத்தது என் பெரியப்பா, மாமா... நான் எப்படிப் போறது?"

"பஞ்சாயத்துல நான் சொல்லிக்கிறேன். இத்தினி பேரு பொயப்பு கீது இதுல. நம்மள்ல அங்க பேசத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். போ."

பஞ்சாயத்தும் ஒப்புக்கொண்டது. யாருக்கும் கொடுக்காத அனுமதியை எனக்குக் கொடுத்தார்கள். பிணத்தைத் தாண்டி வேலைக்குப் போகச் சொன்னார்கள், அவர்களுக்காகப் பேச.

உடனே மேடத்துக்கு ஒரு போன் செய்திருக்கலாம். வேறு கம்பெனியிலிருந்து, ஏர்போர்ட்டுக்குள் வர பாஸ் உள்ள லோடர்களைக் கேட்டு வாங்கியிருப்பார்கள். கையில் போன் இருந்தது. நம்பர் இருந்தது. செய்யவில்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும், பாஸ்கர்?" என்று அவர் கேட்டால்? அந்த ஒரு கேள்வி! அதற்குப் பயந்தேன். காலையில் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை விமானங்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. பெட்டி இறக்க ஆள் இல்லை. ஆபீஸ் பையன்களும் நானும் டையைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்தோம். பழக்கமில்லாத கைகள்... பாதிப் பெட்டிகள் மாறவில்லை. அந்தமான் போகும் விமானம் அந்தமான் பெட்டிகளை விட்டுவிட்டுப் பறந்தது. அத்தனையையும் மேடம் ஓரமாக நின்று பார்த்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். சுற்றி என் சகாக்கள் நின்றிருந்தார்கள்.

"ஆளுங்க ஏன் வரல, பாஸ்கர்? ஏதாவது காரணம் இருக்கா? இருந்தாச் சொல்லுங்க. இன்னைக்குப் பார்த்தத கணக்குல எடுக்காம இன்னொரு நாள் வந்து பாக்கறேன்."

நீங்களே சொல்லுங்கள், இதைவிடப் பெரிதாக ஒரு மனுஷி எப்படிக் கதவைத் திறந்து விட முடியும்? 'அவங்க குப்பத்துல ஒரு சாவு மேடம்.' அவ்வளவுதானே! எனக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லாத மாதிரியே கூட இதைச் சொல்லியிருக்கலாமே! 'இன்னா நைனா' ஆடிக் காட்டியவன் என் பக்கத்தில் நின்றான். அவன் முகத்தைப் பார்த்தேன்.

"காரணம்லாம் ஒண்ணும் இல்ல மேடம். இவங்க எப்பவும் இப்படித்தான். நம்பி வேலை குடுக்க முடியாது."

மேடம் கையிலிருந்த நோட்டில் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, "மறைக்காமச் சொன்னதுக்குத் தேங்க்ஸ்" என்றார்.

தேங்க்ஸ்!

குப்பத்துக்குத் திரும்பியபோது பெரியப்பாவை எடுத்துவிட்டிருந்தார்கள். மாரி மாமா குளித்த ஈரத்தோடு தெருமுனையில் காத்திருந்தார்.

"சொன்னியா மச்சான்?"

"சொன்னேன் மாமா."

"இன்னா சொன்னாங்க?"

"பார்க்கறேன்னாங்க."

சில வாரங்களில் ஹப் ஹைதராபாத்துக்குப் போனது. சென்னைக்கு இரண்டொரு விமானம் மட்டும் மிஞ்சியது. அதற்கு மேஸ்திரியும் வேண்டாம், குப்பத்து ஆட்களும் வேண்டாம். எனக்கு வேலை போகவில்லை. பதவி உயர்வு கூட வந்தது! மாரி மாமா எண்ணூரில் நிலக்கரி லாரிக்குப் போனார். இரண்டு பையன்கள் மணலியில் கம்பெனி கம்பெனியாகக் கேட்டு அலைந்தார்கள். மற்றவர்கள் அடுத்தவர் படகில் கூலிக்குக் கடலுக்குப் போனார்கள். அக்காள் காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத் தெருவாகக் கூவி விற்றாள்.

கம்பெனி முன்னாலேயே முடிவு செய்திருக்கும், மேடம் வந்ததெல்லாம் கண்துடைப்பு... இப்படி எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். இருக்கலாம். பெரிய கம்பெனிகளின் கணக்கு எனக்கென்ன தெரியும்? ஆனால் என்னைக் கேட்டார்களே! கேட்டபோது நான் சொன்னது அதுதானே!

இதெல்லாம் போகட்டும். என்னை உட்கார விடாமல் அடிப்பது வேறு. குப்பத்தில் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். பெரியப்பாவுக்குத் தோள் கொடுக்காமல்கூட ஊருக்காகப் பேசப் போனவன் என்று என்னைச் சொல்கிறார்கள். அக்காள் அதைத் தன் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்கிறாள். வஞ்சிரம் கிடைத்தால் நடுத்துண்டு எனக்குத்தான் வருகிறது. நான் அதைச் சாப்பிடுகிறேன்... சாப்பிடாமல் என்ன காரணம் சொல்வது?

இப்போது கடல் எங்கள் தெருவைத் தின்றுகொண்டிருக்கிறது. முன்வரிசை வீடுகள் போய்விட்டன. கரையில் கல் கொட்டச் சொல்லி அதிகாரிகளிடம் கேட்க வேண்டும். நேற்றுப் பஞ்சாயத்து கூடியது. யார் போய்ப் பேசுவது என்று கேள்வி வந்தபோது, மாரி மாமா எழுந்து நின்றார். நிலக்கரித் தூசியில் அவருக்கு இருமல் விடுவதில்லை. இருமி முடித்துவிட்டுச் சொன்னார்:

"இன்னாத்துக்கு யோசிக்கிறீங்க? நம்ம பாஸ்கரு போவட்டும். எழவு வூட்ட வுட்டுட்டு நமக்கோசரம் போயி பேசினவன். அவன் பேசினா போதும்."

ஒருவர் கூட மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.