இன்னும் என்ற இரண்டு தட்டு

என் அண்ணனுக்கு ஊர் வைத்த பெயர் சங்கு. தெருமுனையில் நின்று கூப்பிட்டால் மூன்றாவது மாடியில் அம்மா திரும்பிப் பார்ப்பாள், அப்படி ஒரு குரல். என்னைவிட இரண்டு வயசுதான் பெரியவன் என்பதால் அவன் இவன் என்றுதான் எனக்கு வாயில் வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி என்று அறுத்தார்கள். ஆள் பிழைத்தான், குரல் பிழைக்கவில்லை.

பிழைப்புக்கு அவனுக்குக் கண்ணாடிக் கடை. ஜன்னல், மீன் தொட்டி, படச் சட்டம் எல்லாவற்றுக்கும் வெட்டிக் கொடுப்பான். கடை மேசையில் ஒரு கண்ணாடியை நிறுத்தி வைத்திருக்கிறான். சொல்ல வேண்டியதை மெழுகுப் பென்சிலால் அதில் எழுதுவான், அதுவும் எழுத்தை இடவலமாகத் திருப்பி எழுதுவான். எதிரே நிற்பவருக்கு நேராகத் தெரியும். ஒரு மாசத்தில் பழகிக்கொண்டான். கெட்டிக்காரன்தான், எனக்குத் தெரியாதா?

நாங்கள் நாலு பேர் ஒரு ராக் குழு வைத்திருந்தோம். அவன் பாட்டு, என் வீட்டுக்காரர் கிடார், நான் ஆர்கன். பேஸ் கிடாருக்குப் பதிலும் என் இடது கைதான். டிரம்ஸ் அடித்தவர் இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார், அதனால் டிரைவர். என் வீட்டுக்காரரின் பம்ப் கடைப் பின்னறையில், சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, பற்றவைக்கும் ஈய வாசனைக்கு நடுவே வாசித்தோம். ஒரு பாட்டு பதினெட்டு நிமிஷம். பாட்டு தொடங்கியதும் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் அதே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் என்று கிண்டல் செய்வார்கள். எங்கள் அம்மாவே அப்படிப் போய் வந்திருக்கிறாள். கூட்டம் வராத நாளில் அண்ணன், "ஊதுற சங்கை ஊதுவோம், விடியறப்ப விடியட்டும்" என்பான். அத்தனை சிரிப்பு நான் வேறெங்கும் சிரித்ததில்லை.

இரண்டு கேசட் போட்டோம். பிறகு கல்யாணம், பிள்ளைகள், வேலை என்று குழு தானாக நின்றுபோனது. இருபத்தாறு வருஷம் கழித்து, யாரோ அந்தக் கேசட்டை இணையத்தில் ஏற்ற, ஒரு சின்ன கம்பெனி புது இசைத்தட்டு கேட்டு எழுதியது. வேறு ஆளை வைத்துப் பாட எங்களுக்கு மனசில்லை. பாட்டே இல்லாமல் இசை மட்டும் என்று முடிவு செய்தோம். "அவன்கிட்ட சொல்ல வேணாம், மனசு நோகும்" என்று சொன்னது நான்தான். மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

எங்கள் வீட்டுக் கார் அறையைப் பதிவு அறையாக்கினோம். பதிவுக் கருவி இருக்கும் பக்கத்து அறைக்கும் அதற்கும் நடுவே ஒரு கண்ணாடி ஜன்னல் வேண்டியிருந்தது. டிரைவர் இருக்கிறாரே, அந்த மகராசன், அளவெழுதிய சீட்டை நேராக அண்ணன் கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். சீட்டின் பின்பக்கம் எங்கள் பட்டியல் இருந்தது. முதல் வரி: 'குடை, பாட்டில்லாமல்.'

"ஏங்க, ஊர்ல வேற கண்ணாடிக் கடையே இல்லையா உங்களுக்கு?"

"இருபது வருஷமா அங்கதானே அக்கா வாங்குறேன். கால் தானா போயிடுச்சு" என்றார் டிரைவர்.

சனிக்கிழமை காலை அண்ணனே கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்தான், ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. பக்கத்து அறையில் நின்று சட்டத்தில் மாட்டத் தொடங்கினான். சும்மா இருக்க முடியாமல் நாங்கள் 'குடை'யை எடுத்தோம். அவன் எழுதி, அந்தக் காலத்தில் பதிவாகாமலே போன பாட்டு. பஸ் நிறுத்தத்தில் குடையை விட்டுவிட்டுத் தேடுகிற ஆளைப் பற்றியது. தாளம் சுற்றுக்குப் பதினோரு தட்டு. மூன்று சுற்று ஒழுங்காகப் போகும், நாலாவதில் குப்புற விழுவோம். மூன்று வாரமாக இதே கதை.

"உங்க இடது கைதான் முந்துது அக்கா."

"என் கையை விடுங்க. நீங்க முதல்ல ஒழுங்கா எண்ணுங்க."

மாட்டிய கண்ணாடியில் டொக் டொக் என்று தட்டும் சத்தம். அண்ணன் ஏதோ எழுதியிருந்தான். கோபத்திலோ அவசரத்திலோ, திருப்பி எழுத மறந்திருந்தான். எங்கள் பக்கம் எல்லாம் இடவலம் மாறித் தெரிந்தது. ஏன் கூப்பிடவில்லை என்றுதான் கேட்டிருப்பான் என்று நினைத்தேன். சுற்றிக்கொண்டு அவன் பக்கம் போய்ப் படித்தேன்.

'நாலாவது சுத்து பதினோரு தட்டு இல்ல, பதிமூணு. "இன்னும் தேடுறேன்"னு வரும். இன்னும்-க்கு ரெண்டு தட்டு.'

நாங்கள் யாருமே அந்தக் காலத்தில் எண்ணியதில்லை. அவன் வார்த்தையைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறோம். வார்த்தை போனதும் வழியும் போய்விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நான்தான்ணா சொல்ல வேணாம்னேன். உனக்கு நோகும்னு நெனச்சேன்."

அவன் பென்சிலை எடுத்து அதன் கீழே எழுதினான். 'கேட்டிருந்தா வரமாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கணும்.'

"சரி, இப்பக் கேக்குறேன். வர்றியா?"

அவன் துணியால் கண்ணாடியைத் துடைத்தான், என்னை அந்தப் பக்கம் போகச் சொல்லிக் கை காட்டினான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும், பதிவு முடியும் வரை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வாயசைத்தான். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை மூடி, பழைய மேடையில் பாடின மாதிரியே. அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டே வாசித்தோம். நாலாவது சுற்றில் ஒரு தடவைகூட விழவில்லை.

இசைத்தட்டின் அட்டை அச்சுக்குப் போகும் முன் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"மேடம், இதுல பாட்டே இல்லையே. ஆனா 'பாடியவர்: சங்கு'ன்னு போட்டிருக்கீங்க. தப்பா வந்திருக்கு போல, எடுத்துடட்டுமா?"

"எடுக்காதீங்கம்மா. தொடக்கத்துலேர்ந்து கடைசி வரைக்கும் பாடியிருக்கான்."

"நான் முழுசா கேட்டேன் மேடம், குரலே இல்லையே."

"உங்களுக்கு எப்படிம்மா கேக்கும்? நடுவுல கண்ணாடி இருந்துது."