சர்வர் வேலை

"இன்னா பண்ணிக்கினு கீற?" என்று நைனா கேட்டபோது, "வீடியோ வேலை" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். புதிதாக ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டால் அதை யார் தலையிலாவது இறக்கி வைக்காமல் எனக்குத் தூக்கம் வராது. "ஃப்ரேம் சர்வர் வெச்சி பண்ணிக்கினு கீறேன் நைனா" என்றேன்.

நைனா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த சர்வர்கள் எல்லாம் திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டல்களில் தோளில் துண்டோடு, ஒரே கையில் நாலு தோசைத் தட்டை அடுக்கிக்கொண்டு வருகிறவர்கள். "டிகிரி படிக்க வெச்சது சர்வர் வேலைக்கா?" என்றவர், நகரிக்குப் போயிருந்த அம்மாவுக்கும் போனைப் போட்டுச் செய்தியைச் சொல்லிவிட்டார். அம்மா உடனே என்னைக் கூப்பிட்டு, ஆபீஸ் வேலை போய்விட்டதா, என் வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்று அழாத குறையாகக் கேட்டாள். என் வேலை பத்திரமாக இருக்கிறது, இது அத்தைக்காக நான் இழுத்துப் போட்டுக்கொண்டது என்று புரியவைப்பதற்குள் என் காது சிவந்துவிட்டது.

அத்தை என்றால் நைனாவின் தங்கை. சித்தூர் ரோட்டில் புத்தலப்பட்டில் இருக்கிறாள். ஒரு காலத்தில் எங்கள் வீட்டு விசேஷங்களில் அத்தை சிரித்தால் பந்தல்காரன் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். சில வருடங்களாக அவளுக்குக் காது கேட்பதில்லை. காதில் வைக்கும் மிஷின் வாங்கிக் கொடுத்தோம். "காதுக்குள்ள ரைஸ் மில்லு ஓட்ற மாதிரி கீது" என்று அதைக் கழற்றி டப்பாவில் போட்டவள், பிறகு எடுக்கவே இல்லை.

அதன் பிறகு அத்தை எல்லோருக்கும் கடைசியாகச் சிரிக்க ஆரம்பித்தாள். யாராவது கிண்டலாக ஒன்று சொல்வோம், எல்லோரும் சிரிப்போம். அத்தை எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, சிரிக்க வேண்டிய இடம் போலிருக்கிறது என்று முடிவு செய்து, நாங்கள் ஓய்ந்த பிறகு சிரிப்பாள். அதைப் பார்த்து மறுபடி யாராவது சிரிப்பார்கள். ஒரு வளைகாப்பில் அப்படி நடந்தது. அதோடு அவள் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

நான் நேரில் போய்க் கூப்பிட்டேன். "நீங்கள்லாம் சிரிச்சி வாய மூடிக்கினப்பறம் நான் ஒருத்தி சிரிக்கறேன். பைத்தியம்னு பாக்கறீங்க. போனீ, என்ன உட்டுடு" என்றாள். தெலுங்கில் 'போனீ' என்றால் போகட்டும் என்று அர்த்தம். அத்தை அதைச் சொன்னால் கதவைச் சாத்திவிட்டாள் என்று பொருள். எனக்குத் தாங்கவில்லை. எங்கள் எல்லோர் மேலும் கோபம் கோபமாக வந்தது. எப்படியாவது அவளை எங்கள் நடுவில் உட்காரவைத்து, எங்களோடு சேர்ந்து, அதே நேரத்தில் சிரிக்கவைத்துவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே சபதம் போட்டேன்.

அப்போது நினைவுக்கு வந்ததுதான் அத்தை மகளின் கல்யாண கேசட். சித்தூர் மண்டபத்தில் நடந்த கல்யாணம். வீடியோக்காரர் கேமராவை ஓடவிட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போய்விடுகிற ரகம் என்பதால், சொந்தக்காரர்கள் பேசிய வம்பு முழுக்க அதில் பதிவாகியிருக்கிறது. கேசட்டை ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தேன். பேச்சையெல்லாம் சப்டைட்டிலாகக் கீழே போட்டுவிட்டால் அத்தை படித்துப் படித்துச் சிரிக்கலாம்.

எந்த எழுத்தில் போடுவது? அத்தைக்கு வீட்டில் பேச்செல்லாம் தமிழ், பள்ளிக்கூடம் தெலுங்கு. தமிழைப் பேசுவாள், படிக்க வராது. அதனால் தமிழ்ப் பேச்சைத் தெலுங்கு எழுத்தில் போட வேண்டும். அம்மா திருத்தணிக்காரி. அவளுக்குத் தெலுங்கு எழுத்து எல்லாமே ஜிலேபி. நான் இரண்டையும் படிப்பேன் என்பதால் வீட்டில் எனக்குக் கொஞ்சம் அதிகாரம் உண்டு.

சப்டைட்டிலைத் தனி ஃபைலாகக் கொடுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு டீவி தெலுங்கு எழுத்துகளை எல்லாம் வெறும் கட்டம் கட்டமாகக் காட்டியது. ஆகவே எழுத்தைப் படத்தோடு சேர்த்தே அடித்துவிட வேண்டும். பழைய கேசட் படம் என்பதால், ஆள் நகர்ந்தால் சீப்பைப் போலக் கோடு கோடாகத் தெரிந்தது, அதையும் எடுக்க வேண்டும். கோடு எடுத்து ஒரு தடவை சேமித்தேன், எழுத்துப் போட்டு இன்னொரு தடவை சேமித்தேன். ஒவ்வொன்றும் மலை மாதிரி ஃபைல், சுருக்குவதற்கு முன்பே லேப்டாப் இடமில்லை என்று கையை விரித்துவிட்டது. கோபத்தில் இணையத்தில் தேடியபோதுதான் இந்த ஃப்ரேம் சர்விங் சமாசாரம் கிடைத்தது.

நைனாவுக்கு நான் விளக்கியதையே இங்கும் சொல்கிறேன். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கே தட்டுகளில் சோறு போட்டு, அடுக்கி வைத்து, அப்புறம் பந்திக்குக் கொண்டுபோனால் தட்டு அடுக்கவே தனியாக ஒரு மண்டபம் வேண்டும். என் லேப்டாப்பில் நடந்தது அதுதான். சர்வர் அப்படிச் செய்வதில்லை. சமையல்கட்டிலிருந்து ஒரு தட்டை எடுப்பான், போகிற வழியிலேயே சாம்பாரை ஊற்றி, அப்பளம் வைத்து, சாப்பிடுகிறவர் முன்னால் வைப்பான். அவர் "அடுத்தது" என்றால் அடுத்தது. வீடியோவில் தட்டு என்பது ஒவ்வொரு படம். உட்கார்ந்து சாப்பிடுகிறவர், படத்தைச் சுருக்கிப் புது ஃபைலாக ஆக்கும் எஞ்சின். நடுவில் எதையும் சேமித்து வைப்பதில்லை. என்ன ஊற்ற வேண்டும், எதற்கு அப்புறம் எது என்று சர்வருக்குச் சொல்ல நாலைந்து வரியில் ஒரு சின்ன எழுத்து ஃபைல் போதும். வேடிக்கை என்னவென்றால், சுருக்குகிற எஞ்சின் அந்த நாலு வரியையே ஒரு முழு வீடியோ என்று நம்பிவிடும்.

நைனா நன்றாகக் கேட்டுக்கொண்டார். "அப்ப சர்வர்தான?" என்றார்.

"சர்வர்தான்" என்று ஒப்புக்கொண்டேன்.

அந்தச் சின்ன ஃபைலை எஞ்சின் மட்டுமில்லை, நானும் வீடியோ என்று நம்பினேன். முதல் ஞாயிறு அதை மட்டும் பென் டிரைவில் போட்டு டீவியில் செருகினேன். டீவி அதில் ஒன்றுமே இல்லை என்றது. சமையல் குறிப்பை இலையில் வைத்துச் சாப்பிடச் சொன்னால் யார்தான் சாப்பிடுவார்கள்?

இதற்கு நடுவில் அம்மா விவகாரம் வேறு. தாலி கட்டும் நேரத்தில் கேமராவுக்கு நேர் முன்னால் உட்கார்ந்து, அம்மா பக்கத்து நாற்காலிக்காரியிடம் முகத்தைத் திருப்பி முணுமுணுத்தது தெள்ளத் தெளிவாகப் பதிவாகியிருந்தது: "கல்யாணம் பொண்ணுக்கா, இவளுக்கா? ஜோடிச்சிக்கினு நிக்கறத பாரு." 'இவள்' சாட்சாத் அத்தைதான். நான் அதைச் சொன்னதும் அம்மா பதறிவிட்டாள். "அய்யய்யோ, அதப் போட்டுடாத! அப்பறம் அவ என் மூஞ்சிலயே முழிக்க மாட்டா." யோசித்துப் பார்த்தேன். அந்த இடத்தில், "பொண்ணு எம்மாம் அழகா கீது பாரு" என்று தெலுங்கு எழுத்தில் போட்டேன். அம்மா ஜிலேபியைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, என்னை நம்புவதைத் தவிர வேறு வழியில்லாமல் நம்பினாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நம் ஊர் கேசட்டில் நொடிக்கு இருபத்தைந்து படம், சினிமாவில் இருபத்து நாலு என்று எங்கோ படித்தேன். நம் வீட்டுக் கல்யாணமும் சினிமா மாதிரி இருக்கட்டுமே என்று, வேகத்தை இருபத்து நாலாகக் குறைக்க ஒரு வரியைச் சர்வர் ஃபைலில் சொருகினேன். இந்தத் தடவை எஞ்சினிடம் கொடுத்து நிஜமான ஃபைலாகவே எடுத்து, ஆரம்பத்தில் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன், எழுத்து கனகச்சிதமாகப் பொருந்தியது. எனக்கு என் மேலேயே பெருமை தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் திருப்பதியில் எங்கள் வீட்டில் எல்லோரும் கூடினோம். நைனா, அம்மா, அத்தை மகள். அத்தையை அவள் மகள்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தாள். அத்தை கதவுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள், கிளம்ப வசதியாக.

படம் ஓடியது. எல்லோர் குரலும் லேசாகக் கட்டையாகியிருந்தது, சினிமா ஆசைக்குத் தண்டம். "என் கொரலு அப்பவே கம்பீரமா கீதே" என்று நைனா மட்டும் மகிழ்ந்தார். அத்தை எழுத்தைப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முதல் நாள் ராத்திரி நிச்சயதார்த்த மேடையில் யாரோ அட்சதை போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்திமயமான காட்சி. திடீரென்று அத்தை சிரித்தாள். பந்தல்காரன் திரும்பிப் பார்ப்பானே, அந்தச் சிரிப்பு. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அட்சதையில் என்ன சிரிப்பு? ஒரு நிமிடம் போயிருக்கும், பந்தியில் சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் சாம்பாரைக் கரண்டியால் துழாவி, "பருப்பத் தேட டார்ச் லைட்டு எட்த்துகினு வாங்கப்பா" என்றார். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அத்தை எங்களை நிதானமாகத் திரும்பிப் பார்த்தாள். "இப்பதான் புரிஞ்சிதா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படம் மெதுவாக வருகிறது, எழுத்து பழைய வேகத்திலேயே முன்னால் ஓடுகிறது. ஆரம்பத்தில் இடைவெளி தெரியவில்லை, போகப் போக வளர்ந்துவிட்டது. எழுத்தைப் படத்தோடு சேர்த்து அடித்துவிட்டதால் ரிமோட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதற்குப் பிறகு எல்லாமே அப்படித்தான். அத்தை முன்னால் சிரிப்பாள், நாங்கள் பின்னால் சிரிப்போம். நைனா பந்தலில் கால் தடுக்கி விழுவதற்கு வெகு முன்பே, யாரோ போட்ட கூச்சலை எழுத்தில் படித்துவிட்டு அத்தை, "பாத்து நடண்ணா" என்று எச்சரித்தாள். நாற்காலியைக் கதவுப் பக்கத்திலிருந்து இழுத்து, டீவிக்கு எதிரே நடுவில் போட்டுக்கொண்டாள்.

தாலி கட்டும் நேரம் வந்தது. 'பொண்ணு எம்மாம் அழகா கீது பாரு' என்ற என் கைவேலை, எப்போதோ ஐயர் தேங்காய் உடைக்கும்போதே வந்து போய்விட்டது. இப்போது திரையில் அம்மாவின் வாய் மட்டும் அசைந்தது. டீவியிலிருந்து அவளுடைய முணுமுணுப்பு எங்கள் காதில் கணீரென்று விழுந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். அத்தைக்குக் காதுதான் கேட்காது. சில வருடங்களாக உதட்டைப் பார்த்தே பிழைக்கிறவள்.

"கல்யாணம் பொண்ணுக்கா, இவளுக்கான்றியா அண்ணி?" என்றாள் அத்தை, ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல்.

அம்மா என்னை முறைத்தாள். நான் சர்வரை மனதுக்குள் திட்டினேன்.

அத்தை டீவியைக் காட்டினாள். மேடை ஓரத்தில் நின்றிருந்த அன்றைய அத்தை அம்மா பக்கம் திரும்பி ஏதோ சொல்வது திரையில் தெரிந்தது. மைக் தூரம், சத்தம் பதிவாகவில்லை. "நான் பேசனது எங்க? எனக்கு ஏன் எழுத்துப் போடல?"

கேட்கவில்லை என்று சைகை காட்டினேன்.

"எனக்குத் தெரியும்ல, எழுதிக்கோ. 'எங்க அண்ணி தலைல அம்மாம் பூவ வெச்சிக்கினு முன்னாடி குந்திகினு கீறாங்க, பின்னாடி கீறவங்க தாலி கட்றத எப்டிப் பாப்பாங்க?'"

எல்லோரும் டீவியைப் பார்த்தோம். உண்மைதான். திரையின் ஒரு மூலையை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது அம்மாவின் மல்லிகைப் பந்து. கோடு எடுக்கும்போது அதோடு நான் எவ்வளவு மல்லுக்கட்டினேன்! மாப்பிள்ளையின் கையே அந்தப் பூவுக்குப் பின்னால்தான் தாலி கட்டியது. முதலில் சிரித்தவள் அம்மா. அத்தை அன்றைக்கு நிஜமாகவே அதைத்தான் சொன்னாளா, இப்போதுதான் தோன்றியதா என்று கேட்க சாட்சி கிடையாது. நான் எழுதிக்கொண்டேன். "கீழயே தமிழ்லயும் போடு, இவ என்னப் பத்தி இன்னா எழுத வெக்கறான்னு நானும் படிக்கணும்" என்றாள் அம்மா.

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க நேரமாகவில்லை. வேகம் குறைக்கும் வரியை மேலேயும், எழுத்துப் போடும் வரியைக் கீழேயும் வைத்திருந்தேன். எழுத்தை முதலில் போட்டுவிட்டு அப்புறம் மெதுவாக்கியிருந்தால் படமும் எழுத்தும் சேர்ந்தே மெதுவாகியிருக்கும். சாம்பாருக்கு முன்னால் மோரை ஊற்றச் சொன்னால் சர்வர் ஊற்றத்தான் செய்வான். இரண்டு வரியை இடம் மாற்றினேன், அத்தையின் வசனத்தைச் சேர்த்தேன், அம்மா வசனத்தையும் உள்ளபடியே போட்டேன்.

இந்தத் தடவை அத்தையை யாரும் இழுத்துவரவில்லை. புத்தலப்பட்டிலிருந்து பஸ் ஏறித் தானே வந்தாள். சரி செய்த படத்தை ஓட்டினேன். டார்ச் லைட்டு வந்தது, எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தோம், அத்தையும் சேர்ந்துதான். நான் சபதம் போட்டது அச்சு அசலாக நடந்துவிட்டது. பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"இது நல்லாத்தான் கீது" என்றாள் அத்தை. "அந்த பழசு கீதா?"

அது தப்பு, எழுத்து முன்னாடியே வந்துவிடுகிறது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன்.

"அதான் கேக்கறேன். இத்தினி வருசமா உங்க பின்னாடியே சிரிச்சிக்கினு வந்தேன். அன்னிக்கு ஒரு நாளு உங்களுக்கு முன்னாடி சிரிச்சேன். எனக்கு அத குடு."

லேப்டாப்பைத் திறந்து இரண்டு வரியையும் பழையபடி மாற்றி வைத்தேன். சர்வர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை, மறுபடி முதலிலிருந்து ஒவ்வொரு தட்டாகப் பரிமாறினான்.

மறு ஞாயிறு அதைத்தான் போட்டோம். ஐயர் அப்போதுதான் தேங்காயைக் கையில் எடுத்திருந்தார், அதற்குள் அம்மாவின் மல்லிகையைப் பற்றிய வசனம் இரண்டு எழுத்திலும் திரையில் வந்துவிட்டது. அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "நான் இன்னும் வாயே தொறக்கல, அதுக்குள்ள பதிலு சொல்லிட்டாளே!" என்று கத்தினாள். தாலி கட்டும் இடம் வந்து நாங்கள் சிரிக்க ஆரம்பித்தபோது, அத்தை சிரித்து முடித்து, காபியையும் குடித்துவிட்டு, நாங்கள் வந்து சேரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.